எந்தப் பாஸ்தாவுக்கு எந்தச் சோஸ்: ஒரு பலேர்மோக் குசினியிலிருந்து

பாஸ்தா வடிவங்களைப் பலரும் அலங்காரம் என்றுதான் நினைக்கிறார்கள். சுருள், குழாய், வளையம், நாடா. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், தட்டில் அழகாக இருக்கும், அவ்வளவுதான் என்று. சிசிலியின் தலைநகரான பலேர்மோவில் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் பல வருடங்களாகச் சமைக்கிறேன். இந்தக் குசினியில் நின்று பார்த்தால், ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு வேலை இருப்பது தெரியும். சோஸைத் தூக்கி வாய்க்குக் கொண்டு வருவதுதான் அந்த வேலை. இங்கே எல்லாமே ரவையும் தண்ணீரும்தான். ஆனால் ஒரு வாய்க்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு மீன், எவ்வளவு தக்காளி சேர்ந்து வரும் என்பதை வடிவம் முடிவு செய்துவிடுகிறது.

நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இடியாப்பத்துக்குச் சொதி கேட்கிற நாக்கு, ரொட்டிக்குக் கட்டைச் சம்பல்தான் கேட்கும். எண்பதுகளிலிருந்தே யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்கள் பலேர்மோவுக்கு வந்து, இந்த ஊர்க்காரர் வீடுகளில் வேலை செய்து வாழ்கிறோம். இங்கத்தைய சமையலை உணவகத்தில் உட்கார்ந்து பார்க்காமல் அடுப்படியில் நின்று பார்த்த தமிழர்கள் எங்களில் நிறையப் பேர். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் சிஞ்ஞோரா, அதாவது அந்த வீட்டு அம்மா, காலையில் "இன்றைக்கு எந்தப் பாஸ்தா?" என்று கேட்க மாட்டார். "பல்லாரோவில் என்ன வந்திருக்கு, பிள்ளை?" என்றுதான் கேட்பார். பல்லாரோ என்பது பழைய நகரத்துக்குள் இருக்கிற தெருச் சந்தை. அங்கே சூடை மீன் நன்றாக இருந்தால் ஒரு சோஸ், கத்தரிக்காய் மலிவாக இருந்தால் இன்னொரு சோஸ். சோஸ் முடிவான பிறகுதான் அலுமாரியைத் திறந்து பக்கெற்றை எடுப்போம். கடையில் வடிவத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்து, பிறகு அதற்கு என்ன ஊற்றலாம் என்று தேடினால் பாதி நேரம் பொருந்தாது. வரிசை முக்கியம்: முதலில் சந்தை, அப்புறம் சோஸ், கடைசியில் வடிவம்.

பலேர்மோவின் பெயர் சொல்லும் சாப்பாடு சூடை மீன் பாஸ்தா. தமிழ்நாட்டில் மத்தி, சாளை என்பார்கள். வசந்த காலத்தில், சூடை கொழுத்து வருகிற நேரத்தில், மலைப்பக்கத்தில் காட்டுப் பெருஞ்சீரகத் தளிரும் வரும். மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளில் பல வீடுகளில் இதுதான் சாப்பாடு. தளிரை முதலில் உப்புத் தண்ணீரில் அவித்து எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டக் கூடாது, பாஸ்தா அதிலேதான் வேக வேண்டும். தாச்சியில் ஒலிவ் எண்ணெய் விட்டு வெங்காயத்தை வதக்கி, உப்பிட்ட நெத்தலியைப் போட்டுக் கரைய விட்டு, திராட்சை வத்தல், பைன் விதை, கொஞ்சம் குங்குமப்பூ, பொடியாக அரிந்த தளிர் எல்லாம் சேர்த்துக் கடைசியில் முள் எடுத்த சூடையைப் போடுவோம். மீனில் பாதி உடைந்து சோஸோடு கலக்கும், பாதி துண்டாக நிற்கும்.

இதற்கு இங்கே எடுப்பது புக்காட்டினி. பார்வைக்குத் தடித்த ஸ்பகெட்டி மாதிரி இருக்கும், ஆனால் நடுவில் நீளத்துக்கும் ஓட்டை. ஏன் இது? சோஸ் எண்ணெய்ப் பசையானது, அதோடு அதற்குள் தூளும் துண்டும் கலந்து கிடக்கின்றன. மெல்லிய ஸ்பகெட்டி என்றால் பின்னிக் கட்டியாகிவிடும், மீனும் பைன் விதையும் தட்டின் அடியில் தங்கிவிடும். புக்காட்டினி தடிப்பாக இருப்பதால் இழைகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்கிறது, துண்டுகள் அதற்குள் மாட்டிக்கொள்கின்றன. ஓட்டைக்குள் சோஸின் ஈரமும் கொஞ்சம் ஏறும். மேலே பாண் தூளை ஒலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவுவோம். மீன் சோஸுக்கு இங்கே சீஸ் போடுவதில்லை, அந்த இடத்தைப் பாண் தூள்தான் பிடிக்கிறது. வழவழப்பான சோஸுக்கு மொறுமொறுப்பு சேர்வதோடு, மிஞ்சிய எண்ணெயையும் அது உறிஞ்சிக்கொள்ளும். வீட்டில் பழைய பாண் இருந்தால் எறியாதீர்கள். காயவைத்துப் பொடித்து வறுத்து வைத்தால் எந்த எண்ணெய்ப் பாஸ்தாவுக்கும் உதவும்.

மீன் வாங்கக் காசில்லாத வீட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. மற்றதெல்லாம் போட்டு, சூடையை மட்டும் விட்டுவிடுவார்கள். அதற்குப் பெயரே "சூடை கடலில் இருக்கிற பாஸ்தா". நெத்தலியும் பெருஞ்சீரகமும் இருந்தால் போதும், கடல் வாசம் வந்துவிடும்.

குளிர்காலத்தில் அதே புக்காட்டினிக்குப் பச்சைக் கோலிபிளவர். பூவை நன்றாக, உருத் தெரியாமல் குழையும்வரை அவிக்க வேண்டும். பிறகு நெத்தலி, வெங்காயம், திராட்சை, பைன் விதை, குங்குமப்பூவோடு தாச்சியில் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் அது களி மாதிரி வரும். இங்கேயும் பாஸ்தா வேகிறது மரக்கறி அவித்த தண்ணீரில்தான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். பொருட்கள் எங்கும் கிடைக்கும், பைன் விதைக்குப் பதில் பாதாம் நறுக்கிப் போடலாம், வடிவத்துக்கும் சோஸுக்கும் உள்ள உறவு முதல் வாயிலேயே விளங்கும். ஒரு நாள் ஸ்பகெட்டியிலும் ஒரு நாள் புக்காட்டினியிலும் செய்து சாப்பிட்டுப் பாருங்கள்.

சரி, ஸ்பகெட்டிக்கு என்ன? மெல்லிய, வழுக்கிப் போகிற சோஸ். மட்டியை உள்ளியோடு சூடான எண்ணெயில் போட்டு மூடினால் வாய் திறந்து உப்புச் சாறு விடும், அந்தச் சாறுதான் சோஸ். நீள இழைகளைச் சுற்றிச் சுற்றி எடுக்கும்போது இழைகளுக்கு நடுவில் அந்த மெல்லிய சாறு பிடித்து நிற்கும். குழாய் வடிவத்தில் இதைச் செய்தால் சாறு வெளியே ஓடிவிடும், வாயில் வெறும் பாஸ்தாதான் மிஞ்சும். உள்ளியும் செத்தல் மிளகாயும் போட்ட எண்ணெய், கணவாய் மை, காயவைத்த சூரை முட்டையைச் சீவிப் போடுவது எல்லாமே நீளப் பாஸ்தாவின் வேலை. இதில் லிங்குவினே கொஞ்சம் தட்டையாக இருப்பதால் நாக்கில் அகலமாகப் படும். கணவாய்க்கு எனக்கு அதுதான் பிடித்தது.

கத்தரிக்காய்க்குக் குழாய். சிசிலியின் கிழக்குக் கரையில் கத்தானியா என்ற ஊரின் சாப்பாடு பாஸ்தா அல்லா நோர்மா: தக்காளிச் சோஸ், பொரித்த கத்தரிக்காய், பேசில் இலை, மேலே உப்பிட்டு இறுக்கிய ரிக்கோட்டாவைத் துருவிப் போடுவது. ரிகடோனி என்ற பெரிய குழாயில் செய்தால் தக்காளி குழாய்க்குள்ளே போய் நிற்கும், கத்தரிக்காய்த் துண்டும் குழாயும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் முள்ளுக்கரண்டியால் குத்தும்போது இரண்டும் சேர்ந்து வரும். ஸ்பகெட்டியில் செய்கிறவர்களும் உண்டு. அப்படியென்றால் கத்தரிக்காயைச் சிறிதாக வெட்ட வேண்டும். பொதுவாகவே துண்டு போடுகிற சோஸ் என்றால், துண்டின் அளவும் பாஸ்தாவின் அளவும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். பட்டாணி, அவரை, பொடி வெட்டு மரக்கறிக்குச் சிறிய வடிவம். பெரிய இறைச்சித் துண்டுக்கும் கத்தரிக்காய்க்கும் பெரிய குழாய்.

குழாயின் மேல் வரி இருக்க வேண்டுமா என்பதில் இத்தாலிக்காரர்களே ஒத்துப்போவதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கடைகளில் பாஸ்தாத் தட்டுகள் காலியாகி, பல இடங்களில் வரியில்லாத வழவழப் பென்னே மட்டும் விலைப்படாமல் கிடந்தது. அந்தப் படங்களைப் பார்த்து நாடு முழுக்கப் பேசினார்கள். நேப்பிள்ஸ் பக்கத்தில் வழவழப்பானதைத்தான் நல்லது என்பவர்கள் நிறைய. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வரியின் மேடு தடிப்பு, பள்ளம் மெல்லிசு, அதனால் ஒரே நேரத்தில் ஒரே பதமாக வேகாது. வழவழக் குழாய் சுற்றிலும் ஒரே பதத்தில் வரும். ஆனால் அதற்கு மாவு நல்லதாக இருக்க வேண்டும், மேல்தோல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். சாதாரணக் கடைப் பக்கெற் என்றால் நான் வரி போட்டதைத்தான் எடுப்பேன். தக்காளிச் சோஸ் அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

பக்கெற்றைப் பார்த்தே தரம் சொல்லலாம். கண்ணாடி மாதிரி மினுங்கி, நல்ல மஞ்சளாக இருந்தால் அது டெஃப்லான் அச்சில் பிழிந்து, அதிகச் சூட்டில் வேகமாகக் காயவைத்தது. வெளிறி, மாத்தூள் படிந்த மாதிரிச் சொரசொரப்பாக இருந்தால் வெண்கல அச்சில் பிழிந்து மெதுவாகக் காயவைத்தது. சோஸ் ஒட்டுவது இரண்டாவதில்தான், தண்ணீரில் மாச்சத்து விடுவதும் அதுதான். விலை கூட. எண்ணெயும் உள்ளியும் மட்டும் போட்டுச் செய்கிற நாளில் அந்த விலைக்கு அர்த்தம் இருக்கிறது. ஓவனில் வைத்து வாட்டப்போகிறீர்கள் என்றால் மலிவானதே போதும்.

வாட்டுவது என்றதும் அனெல்லெட்டியைச் சொல்லாமல் விட முடியாது. சின்னச் சின்ன மோதிர வளையங்கள், பலேர்மோவின் சொந்த வடிவம். கொத்திறைச்சியும் பட்டாணியும் போட்டு நேரமெடுத்துக் காய்ச்சிய தக்காளி ரகூவைக் கலந்து, பொரித்த கத்தரிக்காயும் காச்சியோகவல்லோ சீஸும் சேர்த்து, எண்ணெயும் பாண் தூளும் பூசிய தட்டில் அமுக்கி ஓவனில் வைப்பார்கள். வளையம் என்பதால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கேக் மாதிரி வெட்ட வரும். குழாயைப் போட்டால் காற்று அடைத்துக்கொண்டு வெட்டும்போது சரிந்துவிடும். ஆகஸ்ட் 15 விடுமுறைக்கு மொண்டெல்லோ கடற்கரையில் பார்த்தால், குடும்பம் குடும்பமாக இந்தத் தட்டைத் துணியில் கட்டிக் கொண்டு வந்திருப்பார்கள். ஆறிய பிறகும் ருசி குறையாது. ஒரு குறிப்பு: ஓவனில் வைக்கிற எந்தப் பாஸ்தாவையும் பக்கெற்றில் போட்ட நேரத்தில் பாதியில் வடித்துவிடுங்கள். மீதி வேலையைச் சோஸும் சூடும் பார்த்துக்கொள்ளும்.

தீவின் மேற்கு முனையில் டிராபனி. அங்கே புசியாட்டே என்று ஒரு வடிவம், மா இழையை ஒரு மெல்லிய காம்பில் சுற்றி உருட்டி உருவினால் தொலைபேசி வயர் மாதிரிச் சுருண்டு வரும். அதற்குப் போடுவது பச்சையாக இடித்த சோஸ்: பாதாம், உள்ளி, பேசில், பழுத்த தக்காளி, பெக்கொரினோ சீஸ், ஒலிவ் எண்ணெய். வடக்கு இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து வந்த கப்பல்காரர் கொண்டுவந்த பெஸ்டோ என்ற இடித்த பேசில் சோஸை டிராபனி ஆட்கள் தங்கள் பாதாமிலும் தக்காளியிலும் மாற்றிக்கொண்டார்கள் என்று இங்கே சொல்வார்கள். அடுப்பில் வேகாத சோஸுக்குத் தானாகப் பிடித்து நிற்கும் பிசுபிசுப்புக் குறைவு. அதனால் சுருளின் பள்ளம் தேவைப்படுகிறது, இடித்த பாதாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜெனோவாவிலும் பேசில் பெஸ்டோவுக்கு முறுக்கிய ட்ரோஃபியே எடுக்கிறார்கள். உருளைக்கிழங்கும் பச்சை போஞ்சியும் அதே பானையில் சேர்ந்து வேகும்.

பெஸ்டோவை மட்டும் ஒருபோதும் அடுப்பில் வைக்காதீர்கள். கிண்ணத்தில் போட்டு, பாஸ்தா வெந்த தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டு இளக்கி, வடித்த பாஸ்தாவை அதில் கொட்டிக் கலக்குங்கள். சூடு பட்டால் பேசில் கறுத்து வாசம் போய்விடும்.

வடக்கே போனால் கணக்கே மாறுகிறது. அங்கே முட்டை சேர்த்துத் தட்டி வெட்டிய ஈரப் பாஸ்தா. பொலோஞ்ஞாவின் டாலியாடெல்லே நாடா வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972இல் அந்த ஊர் வர்த்தக சபையில் பதிந்து வைத்திருக்கிறார்கள், அதற்குத் தங்கத்தில் ஒரு மாதிரியும் உண்டு. அது தங்கள் ரகூவின் மேல் அவர்களுக்கு இருக்கிற மரியாதை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். முட்டை மாவு நுண்துளை உள்ளது, மணிக்கணக்காகக் காய்ச்சிய இறைச்சியின் கொழுப்பை அது உறிஞ்சும். அகல நாடா கொத்திறைச்சியைத் தாங்கிக்கொண்டு வரும். அந்த ரகூவை ஸ்பகெட்டியின் மேல் ஊற்றும் வழக்கம் பொலோஞ்ஞாவில் பிறந்ததில்லை. காரணம் தட்டைப் பார்த்தாலே தெரியும்: இழை முடிந்த பிறகு இறைச்சி முழுக்க அடியில் கிடக்கும். நாடா கிடைக்காவிட்டால் ரிகடோனி எடுங்கள், ஸ்பகெட்டி வேண்டாம்.

தெற்கில் முட்டை இல்லாத காய்ந்த பாஸ்தாதான் பழக்கம், அதற்கு வயதும் அதிகம். பலேர்மோவுக்குக் கிழக்கே, கடலோரத்தில் திராபியா என்ற ஊர். அங்கே நூல் நூலான மாப்பண்டம் ஏராளமாகச் செய்து கப்பலில் வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள் என்று சிசிலியின் மன்னன் இரண்டாம் ரொஜருக்காக 1154இல் முடித்த நூலில் அல் இத்ரிசி என்ற புவியியலாளர் எழுதியிருக்கிறார். ரயிலில் அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். காயவைத்து வைக்க முடிந்ததால்தானே கப்பலேறியது. இன்றைக்கும் இத்தாலியில் செய்து விற்கும் காய்ந்த பாஸ்தாவுக்கு டுரம் கோதுமை ரவைதான் போட வேண்டும் என்று 1967இலிருந்து சட்டம் இருக்கிறது. சாதாரணக் கோதுமை மாவில் செய்தது சீக்கிரம் குழைந்துவிடும். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் பக்கெற்றின் பின்பக்கத்தில் டுரம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வடிவமும் சோஸும் பொருந்தினாலும் கடைசி இரண்டு நிமிடம் சரியாக வராவிட்டால் எல்லாம் வீண். இங்கே எல்லா வீட்டிலும் உள்ள கணக்கு: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நெத்தலியோ பெக்கொரினோவோ போடுகிற சோஸ் என்றால் உப்பை 7 கிராமுக்குக் குறைப்பேன். தண்ணீரில் எண்ணெய் விடக் கூடாது, வடித்த பிறகு பச்சைத் தண்ணீரில் கழுவவும் கூடாது. இரண்டுமே சோஸ் ஒட்டுகிற மாச்சத்தைக் கெடுக்கிற வேலை. பக்கெற்றில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னரே பாஸ்தாவை எடுத்துச் சோஸ் இருக்கிற தாச்சியில் போட்டு, வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றி, பெரிய நெருப்பில் குலுக்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் மாச்சத்தில் சேர்ந்து பால் மாதிரி வந்து இழையைப் போர்த்திக்கொள்ளும். வெள்ளைப் பாஸ்தாவைத் தட்டில் போட்டு நடுவில் சிவப்புச் சோஸ் ஊற்றிக் கொடுத்தால் சிஞ்ஞோரா தட்டைத் திருப்பித் தாச்சிக்கே அனுப்பிவிடுவார். அவர் செய்வது சரிதான்.

வடிக்கும் முன் ஒரு பெரிய கோப்பையில் அந்தத் தண்ணீரை எடுத்து வைக்க மறக்காதீர்கள். குலுக்கும்போது பாஸ்தா இறுகிக்கொண்டே போகும், திரும்பத் திரும்பக் கேட்கும்.

நீளப் பாஸ்தாவை உடைக்கக் கூடாது என்பது இங்கே கிட்டத்தட்ட வேத வாக்கு. ஆனால் கோடையில் பலேர்மோவே உட்கார்ந்து ஸ்பகெட்டியை உடைக்கும். சந்தையில் ஒரு முழ நீளத்துக்கும் மேலாக வெளிர்பச்சைக் காய் தொங்கும், பக்கத்தில் அதன் இளந்தளிர் கட்டுக்கட்டாகக் குவிந்திருக்கும். அது நம் சுரைக்காயேதான். ஊரிலிருந்து புதிதாக வருகிற எங்கள் பெண்கள் அதைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். தளிரை டெனெரூமி என்று இங்கே சொல்வார்கள். அதை அரிந்து, உள்ளியும் தக்காளியும் வதக்கி, நிறையத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, விரல்நுனி நீளத்துக்கு உடைத்த ஸ்பகெட்டியைப் போட்டால் ஒரு ரசம் மாதிரி வரும். கரண்டியால் குடிக்கிற சாப்பாட்டுக்குக் கரண்டிக்குள் அடங்குகிற வடிவம்தான் வேண்டும், அதனால்தான் உடைக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுவதில்லை, வெதுவெதுப்பாக ஆறவிட்டுத்தான். ஓகஸ்ட் வெயிலுக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. சிஞ்ஞோரா வீட்டில் மிஞ்சும் சுரைத்தளிரை நான் என் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்வேன். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பேன்.

அலுமாரியில் பத்து வகை அடுக்கத் தேவையில்லை. வீட்டில் மூன்று இருந்தால் ஒரு வருடம் ஓட்டலாம். எண்ணெய்க்கும் மட்டிக்கும் இறாலுக்கும் ஸ்பகெட்டி. தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் இறைச்சிக்கும் ஓவனில் வாட்டவும் வரி போட்ட ரிகடோனி. பருப்புக்கும் சூப்புக்கும் டிட்டாலினி மாதிரிச் சின்னக் குழாய். நாலாவது வாங்க மனம் வந்தால் முறுக்கிய வடிவம் ஒன்று, பெஸ்டோவுக்கு. புக்காட்டினி கிடைக்காத ஊரில் இருக்கிறவர்கள் சூடை மீன் சோஸைத் தடித்த ஸ்பகெட்டியில் செய்யலாம், ஆனால் மீனை இன்னும் கொஞ்சம் உடைத்துவிடுங்கள்.

பக்கெற்றுகளின் அடியில் மிஞ்சுகிற கைப்பிடிகளை ஒரு போத்தலில் சேர்த்து வையுங்கள். தெற்கு இத்தாலியில் முன்பு கடைக்காரர்கள் உடைந்த, மிஞ்சிய பாஸ்தாவையெல்லாம் கலந்து மலிவு விலைக்கு விற்பார்கள். இப்போது அதையே தனிப் பக்கெற்றில் கலவை என்று போட்டு விற்கிறார்கள். குளிர்காலத்தில் மைசூர்ப் பருப்போ வெள்ளை போஞ்சிக் கொட்டையோ குழைய அவித்து, செலரியும் உள்ளியும் போட்டுத் தாளித்து, அந்தக் கலவையை அதற்குள்ளேயே போட்டு வேகவிடுங்கள். நீளமாக இருப்பதை மட்டும் உடைத்துக்கொள்ள வேண்டும். தடித்தது கடிபடும், மெல்லியது கரைந்து சாற்றைத் தடிப்பாக்கும். இறக்கி வைத்து ஐந்து நிமிடம் மூடி விட்டு, பச்சை ஒலிவ் எண்ணெய் ஒரு கரண்டி விட்டுச் சாப்பிடுங்கள்.